இன்றைய சொல்லுக்குக் கை தட்டவும்

ஒரு ஆஸ்பத்திரி எதனால் சீரழியும் என்று கேட்டால், டாக்டர் வராததால் என்பீர்கள், மருந்து இல்லாததால் என்பீர்கள். வெளியே இருக்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அல்லவா உண்மை தெரியும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இங்கிலீஷ் வார்த்தை போதவில்லை, அதுதான் காரணம். நானாகச் சொல்லவில்லை ஐயா, பெரிய டாக்டரே மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

"உலகத்தரச் சான்றிதழ் கொடுக்க வந்த குழு மூணு குறை சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார் அவர். "லிஃப்ட் ஓடல. வலிக்குப் போடுற ஊசி இருப்பு இல்ல. ஊழியர்களுக்குச் சொல்வளம் இல்ல. முதல் ரெண்டுக்கும் பணம் வேணும். மூணாவதுக்கு மனசு இருந்தா போதும். அதனால மூணாவதுல இருந்து ஆரம்பிக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு ஆரம்பித்த கைதட்டல்தான், அப்புறம் நிற்கவே இல்லை.

அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில், காலி ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைக் கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார் வழிவிடு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, சம்பளத்தன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் வழிவிடுதான். லிஃப்ட் படுத்துப் பல வருஷம் ஆயிற்று. அன்று முதல் நோயாளிகளைச் சாய்வுப் பாதையில் வளைந்து வளைந்து மூன்றாவது மாடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறவர் அவர். "வழி விடுங்க! வழி, வழி, வழி!" என்று ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், சாப்பாட்டுத் தூக்கோடு நடுவில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர்களெல்லாம் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். அந்தக் குரல் பாதை வழியாகவே ஏறி மூன்றாவது மாடிக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த மூன்றாவது மாடியில்தான், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். இருதயம் வீங்கி, காலில் தண்ணீர் கோத்து, அதற்கு மேல் ஈரலில் ஒரு கட்டி. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்று மற்றவருக்குத் தெரியாதது மாதிரி இருவரும் நடந்துகொண்டார்கள். கட்டில் இலவசம். ஊழியர் குடும்பத்துக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் பெண்கள் வார்டு என்பதால் ஆம்பிளைகள் மாலை நாலிலிருந்து ஐந்து வரைதான் உட்காரலாம். மற்ற நேரத்தில் அவர் அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு. கீழே அவர் குரல் கேட்டதுமே, துணைக்கு இருந்த தன் தங்கையிடம் அவள், "ஏய், சீப்பை எடு, உங்க மாமா வர்றாரு" என்பாள். அவர் வந்து சேரும்போது தலை வாரி, சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒன்றுமே இல்லாதவள் மாதிரி, "என்ன, இன்னிக்கு ரொம்ப ஏத்தமா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம் அப்போது.

சொல்வளத் துறையை மருந்துக் கிடங்கில் திறந்தார்கள். அது காலியாகத்தானே கிடந்தது. தலைமைக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெரிய டாக்டரின் சகலை என்று சிலர் சொன்னார்கள். தகுதி பார்த்து எடுத்தது என்று பெரிய டாக்டர் சொன்னார். சகலைக்குத் தகுதி இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன? ஊழியர்கள் அவருக்கு அகராதி என்று பெயர் வைத்தார்கள். மனிதர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பூரித்துப்போனார்.

வாசலில் ஒரு பலகை வந்தது. தினமும் அதில் ஒரு இங்கிலீஷ் சொல், கீழே அர்த்தம், அதற்கும் கீழே "இன்றைய சொல்லுக்குக் கை தட்டவும்". யாராவது அந்தச் சொல்லைப் பேச்சில் சரியாகப் பயன்படுத்திவிட்டால், காதில் விழுந்த அத்தனை பேரும் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். இரண்டு தட்டினால் அலட்சியம். நாலு தட்டினால் நக்கல். இரண்டுக்கும் விசாரணை உண்டு. சொற்கள் அகரவரிசைப்படி வரும். ஏயில் தொடங்கி இசட் வரைக்கும் போவதாகத் திட்டம்.

முதல் வாரமே ஆபரேஷன் அறையில், வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சர்ஜன் வாய் தவறி அன்றைய சொல்லைச் சொல்லிவிட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். மறுபடியும் எல்லோரும் கை கழுவி, உறை மாட்டி வந்து சேரும்வரை அந்த நோயாளி திறந்தபடியே கிடந்தார். இரண்டு கையிலும் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருவர் கை தட்டவில்லை என்று புகார் போயிற்று. அகராதி நேரில் வந்து பார்த்தார். மனுஷருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. "காலால கட்டில் கம்பியில தட்டலாம்" என்று விலக்கு அளித்துவிட்டுப் போனார்.

வழிவிடுவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. தினமும் பலகையைப் பார்த்து, வார்டு நர்ஸ் சிஸ்டரிடம் எப்படி வாசிப்பது என்று கேட்டு, ஸ்ட்ரெச்சரோடு மேலே போகிறபோது மனைவியிடம் ஒப்பிப்பார்.

"இன்னிக்கு என்னாங்க?"

"பெனவலண்ட்."

"அப்படின்னா?"

"இளகின மனசுன்னு அர்த்தமாம்."

"யாருக்காம்?"

"அது பலகையில போடல."

அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, தங்கை முதுகைத் தடவிவிடும்படி ஆயிற்று. "இப்படியே போனா கடைசி எழுத்து வர எவ்ளோ நாளாகும்?" என்று கேட்டாள்.

"வருஷம் ஆகும்."

"அப்போ அதுவரைக்கும் இருந்துதான் பாக்கணும். கடைசி வார்த்தை என்னன்னு தெரியாம போனா மண்டை வெடிச்சிடும்."

அவர் வண்டியைத் திருப்பினார். வராந்தாவுக்கு வந்ததும் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேடிக்கை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பி வரிசை முடிவதற்குள் அகராதிக்கு அடுத்த யோசனை உதித்துவிட்டது. "புதுச் சொல்லைச் சேர்த்தா மட்டும் போதாது. பழைய, ஏழைச் சொற்களை ஒழிக்கணும்" என்றார். முதலில் ஒழிந்தது வலி. தமிழில் வலி என்றும் சொல்லக் கூடாது, இங்கிலீஷில் பெயின் என்றும் சொல்லக் கூடாது. "எல்லாரும் பெயின் பெயின்னா எனக்கு என்ன புரியும்? லேசா இருந்தா டிஸ்கம்ஃபர்ட்னு சொல்லுங்க. தாங்க முடியலன்னா அகனின்னு சொல்லுங்க. துல்லியம்தான் சிகிச்சையோட முதல் படி." உடனே சுற்றறிக்கை. டிஸ்கம்ஃபர்ட்டுக்கு மாத்திரை, அகனிக்கு ஊசி. ஐயோ, அம்மா என்பவர்கள் எந்தப் பிரிவிலும் வராததால் காத்திருக்க வேண்டும். ஊசி தட்டுப்பாடு ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. பெரிய டாக்டர் அதைச் சாதனையாகக் கூட்டத்தில் அறிவித்தார்.

ஒருநாள் காலை தங்கை படியிறங்கி ஓடி வந்தாள். "மாமா, அக்கா ராத்திரி பூரா துடிச்சிட்டுக் கெடந்தா. வலிக்குது வலிக்குதுன்னு கத்தினா, வார்டுக்குப் புதுசா வந்திருக்கற நர்ஸ் கிட்டயே வரல."

அன்றைக்கு அவர் மேலே போய், கட்டிலருகே குனிந்து, மனைவிக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். "அகனின்னு சொல்லு கண்ணு. எங்க, சொல்லு பாப்போம்."

"அகனி."

"அதான். வலி வந்தா வேற எதையும் சொல்லாத. அம்மான்னு கூட கத்தாத. இத மட்டும் சொல்லு."

"வலிக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வருமாங்க?" என்றாள் அவள், பரிதாபமாக.

வராதுதான். வாழ்நாள் பூரா அம்மா என்று கத்திப் பழகிய வாய், நடுராத்திரியில் யோசித்தா கத்தும்? அதனால் அவள் வலி இல்லாத நேரத்திலெல்லாம் படுத்தபடியே அதை மனப்பாடம் செய்தாள். தங்கை கேட்பாள், இவள் சொல்வாள். நல்லவேளை, பழைய நர்ஸ் சிஸ்டருக்கு ராத்திரி டூட்டி விழுந்த நாட்களில் அவள் எந்தச் சொல்லும் கேட்காமல் ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள். அந்த வேலையையும் அவள் ஒளிந்து மறைந்துதான் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து வழிவிடுவின் வாய்க்கே பூட்டு விழுந்தது. அகராதி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ்டர் வழிவிடு, உங்க சத்தம் கீழ என் ரூம் வரைக்கும் கேக்குது. குழு மறுபடி வரப்போகுது. சந்தைக்கடையா இது? இனிமே 'கைண்ட்லி ஃபெசிலிட்டேட் த பாசேஜ்'னு சொல்லணும். மெல்லமா. புன்னகையோட."

"சார், அது ஜனங்களுக்குப் புரியாதுங்களே."

"புரியறது அவங்க பொறுப்பு. சொல்றதுதான் நம்ம பொறுப்பு."

வழிவிடு மெல்லமாக, புன்னகையோடு சொன்னார். யாரும் நகரவில்லை. ஒருவர் திரும்பிப் பார்த்து, "எனக்குங்களா?" என்று கேட்டார். இன்னொருவர், ஏதோ சொல் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தட்டுத் தட்டி வைத்தார். மாரைப் பிடித்துக்கொண்டு வந்த நோயாளி ஒருவர் வளைவில் கூட்டத்துக்கு நடுவே அப்படியே நின்றுபோனார். கடைசியில் அந்த நோயாளியே எழுந்து உட்கார்ந்து, "யோவ், நகருங்கய்யா!" என்று கத்தின பிறகுதான் வண்டி நகர்ந்தது.

இதில் வழிவிடுவுக்கு மனசு விட்டுப்போனது வேறு விஷயத்தில். இப்போதெல்லாம் அவர் மேலே போய்ச் சேர்ந்தால் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். தலை கலைந்து, வாய் லேசாகத் திறந்து கிடப்பாள். எழுப்ப மனசு வராமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார். விழித்திருந்தால் சீப்பைத் தேடித் தவிப்பாள்.

"நீங்க வர்றதே தெரிய மாட்டேங்குது" என்றாள் ஒருநாள். "முன்னெல்லாம் உங்க சத்தம் கேக்கும். சரி, மனுஷன் நல்லா இருக்காரு, தெம்பா இருக்காருன்னு தோணும். இப்போ நாள் பூரா இந்தக் கைதட்டல்தான் கேக்குது. ஒரே ஒரு தடவை கத்துங்களேன். கேட்டு நாளாச்சு."

"காதுல விழுந்தா வேலைக்கு உலை வெச்சிடுவாங்க கண்ணு. வேலை போனா இந்தக் கட்டில் போயிடும்." அவள் முகம் வாடினதைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: "நீ வீட்டுக்குப் போற அன்னிக்குப் பாரு. உன்னையே வண்டியில உக்கார வெச்சு, மேலேருந்து கீழ வரைக்கும் கத்திக்கிட்டே தள்ளிட்டுப் போறேன். பெரிய டாக்டரே ஒதுங்கி நிக்கணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்கப்புறம் வகுப்பு வந்தது. கடைநிலை ஊழியர்களுக்குத் தினமும் மாலை நாலிலிருந்து ஐந்து வரை சொல்வள வகுப்பு. ஏன் அந்த நேரம்? அகராதி விளக்கினார்: "பார்வையாளர் நேரத்துல நோயாளிகளைச் சொந்தக்காரங்க பாத்துக்குவாங்க. ஊழியர்கள் சும்மா இருக்காங்க." மூன்று நாள் வராதவருக்குக் குடும்பச் சலுகைகள் ரத்து. வழிவிடு பெரிய டாக்டரைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் நிலைமையைச் சொன்னார். பெரிய டாக்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அன்றைய சொல் கம்பாஷன், கருணை என்று அர்த்தம். "உங்க மேல எனக்கு அளவில்லாத கம்பாஷன் இருக்கு" என்றார். அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

வழிவிடு இரண்டு நாள் மட்டும் துணிந்து வகுப்புக்குப் போகவில்லை. அந்த இரண்டு மாலையும் மனைவியின் கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச நேரம் இருக்கிறது என்று தோன்றியபோது பேச்சு தேவைப்படவில்லை. மூன்றாவது நாள் அவளே துரத்திவிட்டாள். "போங்க, போய்ப் படிங்க. கட்டில் போச்சுன்னா நான் எங்க போய்ப் படுக்கறது?"

டி வரிசை வந்தது. அன்று உலகத்தரக் குழுவும் வந்திருந்தது. பலகையில் டிமைஸ் என்று எழுதி, கீழே 'மறைவு, சாவு' என்று போட்டிருந்தார்கள். காலையில் அதைப் பார்த்ததுமே வழிவிடு முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். மேலே போனபோது, "இன்னிக்கு என்னாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "இன்னிக்குப் பலகையில ஒண்ணும் எழுதல" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் வருவீங்களா?" என்றாள்.

"வகுப்பு இருக்கே. இன்னிக்குக் குழு வேற உக்காந்திருக்கும். முடிஞ்சதும் ஓடி வந்துடறேன். வாசல்லேருந்தாவது பாத்துட்டுப் போறேன்."

நாலு மணிக்கு வகுப்பு தொடங்கியது. குழுவினர் முன்வரிசையில், பெரிய டாக்டர் பக்கத்தில். அகராதி புதுக் கோட்டு போட்டிருந்தார். "சொல்லை மனப்பாடம் பண்ணாதீங்க. சொந்த வாழ்க்கையிலேருந்து ஒரு வாக்கியம் சொல்லுங்க. அப்பதான் மனசுல நிக்கும்" என்று சொல்லி ஒவ்வொருவராக எழுப்பினார். ஒருவர் தாத்தாவைச் சாகடித்தார், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைச் சாகடித்தார். ஒவ்வொரு சாவுக்கும் கைதட்டல். வழிவிடுவின் முறை வந்தது.

"எனக்கு வேணாம் சார்."

"வேணாம்னா?"

"வீட்டுக்காரி மேல வார்டுல உடம்பு முடியாம படுத்திருக்கா. இந்த வார்த்தைய என் வாயால சொல்ல மாட்டேன். வேற எது வேணாலும் கேளுங்க."

"மூட நம்பிக்கை" என்றார் அகராதி, குழுவைப் பார்த்துச் சிரித்தபடி. "நிக்கட்டும். சொன்னாதான் போகலாம்."

அப்போது கதவருகே தங்கை வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. "மாமா, அக்கா உங்கள உடனே கூட்டியாரச் சொல்லுது. ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லுது."

வழிவிடு கிளம்பினார். அகராதி கையை நீட்டித் தடுத்தார். "வகுப்பு நடக்குது. ஒரு வாக்கியம். அரை நிமிஷம். சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா இது மூணாவது நாள் கணக்கு." அந்தக் கட்டிலை நினைத்து வழிவிடு நின்றார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தங்கை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே ஓடினாள். சொல்லிவிடலாம், யாரோ ஒருத்தர் செத்ததாகச் சொல்லிவிட்டு ஓடலாம் என்று பார்த்தார். ஆனால் அந்தச் சொல்லை நினைத்தாலே அவள் முகம்தான் வந்தது. கோழை என்பீர்களா, சொல்லிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிலுக்காக நின்றார் மனுஷன், அந்தக் கட்டிலில் இருப்பவளுக்காக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நேரம் போயிற்று.

அடுத்து கதவருகே வந்தது பழைய நர்ஸ் சிஸ்டர்.

"அண்ணே..." என்றாள்.

"சிஸ்டர், இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றார் அகராதி. "குழு இருக்கு."

சிஸ்டர் அவரைப் பார்த்தாள், பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவளுக்கும் வேலை இருந்தது, வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பலகையில் இருந்த சொல்லைத் தவிர வேறு எதுவும் அந்த நேரத்தில் அவள் வாய்க்கு வரவில்லை. உதடு கோணிக்கொள்ள, "ரிக்ரெட் டு இன்ஃபார்ம்... த டிமைஸ் ஆஃப் யுவர் வைஃப்" என்றாள்.

அறை முழுக்கக் கை தட்டியது.

வழிவிடுவும் தட்டினார். அவருக்குப் புரியாமல் இல்லை, நன்றாகப் புரிந்தது. ஆனால் மாதக்கணக்கில் பழகிய கை. சொல் காதில் விழுந்ததும் தானாக எழுந்து ஒரு தட்டுத் தட்டியது, இன்னொரு தட்டும் தட்டியது. மூன்றாவது தட்டுக்குத்தான் அவை சேரவில்லை. விரித்த உள்ளங்கைகளை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, இது யார் கை என்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

அகராதி முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சுதாரித்துக்கொண்டு, அவர் தோளில் கை வைத்து, ஆறுதலாகச் சொன்னார்: "வெரி ஸாரி. ஆனா ஒண்ணு, இந்தச் சொல்லை நீங்க இனிமே மறக்கவே மாட்டீங்க." குழுவில் ஒருவர் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

மேலே அவள் தலை வாரியிருந்தது. "நீங்க வந்துடுவீங்கன்னு வாரச் சொன்னா மாமா" என்றாள் தங்கை. "கடைசியில ரொம்ப வலிச்சிருக்கு போல. நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னா. அகனி, அகனின்னு. அம்மான்னு ஒரு தடவை கூட சொல்லல. புது நர்ஸ் ஊசி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. வழிவிடு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சாகும்போது அம்மாவைக் கூப்பிடக்கூட விடாமல் பண்ணிட்டேனே பாவி என்று அழுதார்.

பிணவறைக்கு எடுத்துப் போக வேறொருவர் வந்தார். வழிவிடு அவரை விலக்கிவிட்டார். தானே தூக்கிக் கிடத்தினார், போர்வையைக் கழுத்து வரை மட்டும் இழுத்துவிட்டார். சீப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார். தங்கை பின்னால் வந்தாள்.

சாய்வுப் பாதை நிறையக் கூட்டம். பார்வையாளர் நேரம் முடிந்து இறங்குகிறவர்கள், அவர்களுக்கு நடுவில் குழுவினருக்கு வளைவு வளைவாகச் சுற்றிக் காட்டிக்கொண்டு பெரிய டாக்டர். அகராதி வண்டியைப் பார்த்துவிட்டார். இதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியிருக்கும். "இப்ப பாருங்க" என்று குழுவிடம் சொல்லிவிட்டு, வழிவிடுவைப் பார்த்துத் தலையசைத்தார். மெல்லமாக, புன்னகையோடு என்று ஜாடை காட்டினார்.

வழிவிடு நின்றார். போர்வையைச் சரிசெய்தார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"வழி விடுங்க! வழி, வழி, வழி! என் பொண்டாட்டி வீட்டுக்குப் போறா, வழி விடுங்க!"

பாதை முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் ஒதுங்கினார். கையைப் பாதி தூக்கியிருந்த அகராதி, என்ன செய்வதென்று தெரியாமல் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஒதுங்கினார். வழிவிடு யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டே, அழுதுகொண்டே இறங்கினார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லையாம். மூன்றாவது மாடிப் பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில் வரைக்கும் தெளிவாகக் கேட்டது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ஜன்னலோரக் கட்டில் மட்டும் காலியாக இருந்தது.